கையெழுத்தும் எழுத்துருவும்

கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்றோ கையெழுத்தே கணினிக்குள் புகுந்து எழுத்துருவாக வெளிவருகிறது. கையெழுத்தைப் போன்ற மெல்லிய சாய்வெழுத்து, லூமுட் போன்ற சிற்றூரின் திருமண அழைப்பிதழுக்கும், கோவில் திருவிழா அறிக்கைக்கும், தமிழ்ப்பள்ளியின் பயிற்றித்தாளுக்கும் இன்று எளிதாகக் கிடைக்கிறது. அது இம்மூன்றுக்கும் ஒருங்கே பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வகையில் எடுத்துக்காட்டத் தக்கது 'கவிவாணர்' என்னும் எழுத்துரு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த இது, கூகுள் எழுத்துருத் தொகுதியில் எவரும் விலையின்றிப் பெறுமாறு வைக்கப்பட்டுள்ளது. பேனா பிடித்த கையின் சாய்வும் ஓட்டமும் இதில் உண்டு. ஆயினும் ஆங்கிலக் கூட்டெழுத்தைப் பின்பற்றித் தமிழெழுத்துகளை ஒன்றோடொன்று பிணைக்கவில்லை. இதுவே இதன் தலையாய சிறப்பு. உரோமன் எழுத்து, அகன்ற பேனா முனையால் தடித்தும் மெலிந்தும் வளர்ந்தது. தமிழெழுத்தோ நெடுங்காலம் ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. எழுத்தாணிக் கோடு ஏறத்தாழ எங்கும் ஒரே அளவினது. ஆகவே நம் எழுத்தின் நயம் வளைவிலும் சுழியிலுமே தங்கியிருக்கிறது.

இந்நயம் அழைப்பிதழுக்கு அணி செய்யும். கவிதைத் தலைப்புக்கும் வாழ்த்து மடலுக்கும் ஏற்கும். ஒருவர் மற்றொருவரிடம் நேரே பேசுவது போன்ற உணர்வை அது தரும். நீண்ட கட்டுரைக்கு ஏலாது. பக்கம் முழுதும் சாய்ந்து நின்றால் கண் களைக்கும். மேலும் கவிவாணர் ஒரே தடிப்பில் மட்டும் கிடைப்பது. தலைப்பை வேறுபடுத்திக் காட்டத் தடித்த வடிவம் அதற்கில்லை.

முதலாம் ஆண்டுப் பயிற்றித்தாளில் இத்தகைய எழுத்தைப் புகுத்துவது பிழையே. மெல்லிய கோடு படியெடுக்கும்போது அறுந்துபோகும். சிறிய சுழி அடைபட்டுப்போகும். இரண்டு சுழி 'ன'வா, மூன்று சுழி 'ண'வா என்று குழந்தை திகைக்கும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேற்றுமையும் மயங்கும். எழுத்தை அறிந்தவருக்கே அலங்காரம் இன்பம் தரும். அறியத் தொடங்குவோருக்கு அது தடையாகும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்மைக்குப் பின், துதிக்கை போன்ற கொம்புடைய பழைய 'லை', 'னை' வடிவங்கள் அச்சிலிருந்து மறைந்தன. முதியோர் எழுதும் கடிதங்களில் அவை இன்னும் வாழ்கின்றன. கணினியில் ஒவ்வோர் 'அ'வும் ஒரே வார்ப்பு; கையில் எழுதும் 'அ' ஒன்றைப்போல் மற்றொன்று இராது. எழுத்துரு, கையெழுத்தின் படமேயன்றிக் கையெழுத்து ஆகாது.

ஆதலின் ஆசிரியர்கள் இத்தகைய எழுத்துருவை வகுப்பறைச் சுவரில் வாழ்த்தாகத் தொங்கவிடலாம். பிள்ளையின் ஏட்டில் முன்மாதிரியாக நிற்க வேண்டியதோ, நிமிர்ந்த, தெளிந்த எழுத்து. அதுவும் ஆசிரியர் தம் கையால் எழுதிக் காட்டும் எழுத்தே ஆகும்.