திரையின் கயிறு யார் கையில்?

யாராவது எதையாவது மூடி மறைத்தால் 'இதென்ன பெரிய சிதம்பர ரகசியமா?' என்று கிண்டல் செய்கிறோம். அந்த இடத்தைக் கோயிலில் நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடராசர் சன்னதியை ஒட்டி ஒரு திரை. தீட்சிதர் அதை விலக்கினால் உள்ளே பொன் வில்வ மாலைகள் தொங்கும், சிலை எதுவும் கிடையாது. வெட்டவெளிதான் அங்கே சாமி. உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, திரையை விலக்குகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வியாகப் படுகிறது.

இந்தக் கேள்வியோடு ஜெயகாந்தனை மறுபடி படித்தேன். 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். தமிழில் தனிமனித அந்தரங்கம் பற்றிப் பேச்சு வந்தால் அவருடைய 'அந்தரங்கம் புனிதமானது' சிறுகதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கதை தெரிந்ததுதான். வளர்ந்த மகன், அப்பாவுக்கு வேறு பெண் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். கொதித்துப்போய் அம்மாவிடம் சொல்கிறான். அம்மாவுக்கோ அது ஏற்கெனவே தெரியும். அது அவருடைய அந்தரங்கம், அதைத் துருவ உனக்கு உரிமையில்லை என்ற இடத்தில் அவள் உறுதியாக நிற்கிறாள். ஒழுக்கக் காவலன் வேடம் போடுகிற மகன்தான் கடைசியில் சிறியவனாகத் தெரிகிறான்.

துணிச்சலான கதை, சந்தேகமே இல்லை. குடும்பம் என்றாலே ஒருவர் பெட்டியை இன்னொருவர் திறந்து பார்க்கலாம் என்று நினைக்கிற சமூகத்தில், உறவுக்குள்ளும் ஒரு எல்லைக்கோடு உண்டு என்று சொன்ன கதை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடுவதில்லை. தொடர்பு அம்மாவுக்கு இருந்து, மகன் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருந்தால்? அப்பாவும் இதே நிதானத்தோடு 'அது அவளுடைய அந்தரங்கம்' என்று சொல்லியிருப்பாரா?

இதற்கான பதில் ஜெயகாந்தனிடமே இருக்கிறது, வேறு கதையில். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்'. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான் ஒருவன். நடக்கக் கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். முதலில் அலறிய அம்மா, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்ததும் மழையில் நனைந்துவிட்டு வந்தாள், அதற்குத்தான் சத்தம் போட்டேன் என்று சமாளிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்கிறாள்.

அந்தக் கதைக்கு எழுந்த எதிர்ப்பெல்லாம் அந்த ஒரு குடம் தண்ணீரைப் பற்றித்தான். எனக்கு அம்மா சொன்ன அந்தப் பொய்தான் முக்கியமாகப் படுகிறது. மகளுடைய வாழ்க்கை மொத்தமும் அந்தப் பொய்யில்தான் தொங்குகிறது. அம்மா வாயை மூடிக்கொண்டால் பிழைப்பாள், திறந்தால் முடிந்தது. இதையே ஜெயகாந்தன் அடுத்து நாவலாக எழுதிப் பார்க்கிறார். அதுதான் 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் அம்மா வாயைத் திறந்துவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஆதரித்துப் படிக்க வைக்கிற மாமாவோ அந்த ரகசியத்தையே பிடியாக வைத்துக்கொள்கிறார். இவ்வளவும் போதாதென்று ஆர்.கே.வி. என்கிற எழுத்தாளர் அவளுடைய கதையைப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறார். கங்காவின் திரையை எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். கயிறு அவள் கையில் மட்டும் இல்லை.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. ஆணுக்கு இருப்பது அந்தரங்கம், அது உரிமை. பெண்ணுக்கு இருப்பது ரகசியம், அது பிறர் போடுகிற பிச்சை. ஜெயகாந்தன் இதைத் திட்டமிட்டு எழுதினாரோ இல்லையோ, அன்றைய சமூகத்தை அப்படியே பதிவு செய்துவிட்டார்.

வீட்டுக்குள் நடக்கிற இந்த விஷயம் அரசாங்கத்தின் கைக்குப் போனால் எப்படி இருக்கும்? அதற்கும் கடலூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதுச்சேரியில் பத்தாண்டு பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண்பார்வையில் வாழ்ந்த பாரதி, 1918 நவம்பர் 20-ஆம் தேதி எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 14-ஆம் தேதி விடுதலை. ஆனால் சும்மா விடவில்லை, நிபந்தனைகள் போட்டார்கள். குறிப்பிட்ட பகுதியில்தான் வசிக்க வேண்டும், அரசியல் கூடாது. எழுதுவதையெல்லாம் சி.ஐ.டி. போலீஸ் அதிகாரிக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வெளியிட வேண்டும். கவிஞனுக்கு முதல் வாசகன் போலீஸ்காரன்!

இதற்கு ஏழு வருஷம் முன்பு, 1911-லேயே, அவருடைய 'கனவு' நூலை அரசு தடை செய்திருந்தது. அது பிள்ளைப் பிராயத்துக் காதலையும் தகப்பனார் பட்ட துயரத்தையும் அவரே பாடிய சுயசரிதை. ஒரு மனிதன் தன் அந்தரங்கத்தைத் தானே விரும்பித் திறந்து காட்டுகிறான், அரசு வந்து மூடுகிறது. அதே அரசு, அவன் மறைக்க விரும்பியதை ஒற்றன் வைத்துத் திறந்து பார்க்கிறது. கங்காவுக்கு நடந்ததும் பாரதிக்கு நடந்ததும் ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கம் என்று நான் சொல்வது இதனால்தான். பேச்சுரிமையும் அந்தரங்க உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று பலர் வாதாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யணும், இரண்டு உரிமையும் கேட்பது இதைத்தான்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர 1994 ஆனது. அதுவும் ஒரு தமிழ்நாட்டு வழக்கு. தூக்குத்தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போவதாக அறிவித்தது. அதிகாரிகளின் பெயர்கள் அதில் இருந்தன. சிறைத்துறை மேலதிகாரி அது பொய், வெளியிடாதே என்று கடிதம் எழுதினார். அக்டோபர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. அரசு அதிகாரி தன் பதவிக் கடமையில் செய்ததை அந்தரங்கம் என்று மூடவும் முடியாது. ஆனால் சாதாரணக் குடிமகனின் குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். அப்போதும், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது.

கவனித்தீர்களா? முதல் பாதி பாரதிக்குக் கிடைத்திருக்க வேண்டிய தீர்ப்பு. கடைசி வரி கங்காவுக்கு. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆனால் சட்டம் அரசாங்கத்தையும் பத்திரிகையையும்தான் வாசலில் நிறுத்தும். கங்காவின் அண்ணனையும் மாமாவையும் எந்தக் கோர்ட்டு நிறுத்தும்? 'உன் போனைக் கொடு பார்க்கலாம்' என்று மகளிடம் மட்டும் கையை நீட்டுகிற வீடுகள் இன்றைக்கும் எத்தனை! அதனால்தான் இந்த மூன்று கதைகளுக்கும் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. 'அந்தரங்கம் புனிதமானது' கதையை இனி படிக்கிறவர்கள் அப்பாவின் இடத்தில் அம்மாவை வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அப்போதும் அந்தத் தலைப்பு உங்களுக்குச் சரியென்று பட்டால், ஜெயகாந்தன் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.