பாடபேதமும் ஓதல் மரபும்

ஏட்டில் வாழும் நூலும் உண்டு. நாவில் வாழும் நூலும் உண்டு. நூலொன்றிற் பாடபேதம் காணப்படின் அதனை ஏடெழுதினோர் பிழையெனக் கொள்ளுதல் நம்மவர் வழக்கம். இக்கொள்கை எல்லா நூல்களுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்குத் திருக்குர்ஆன் சிறந்த சான்றாகும். நபிகள் நாயகத்திடம் கேட்டு ஓதப்பெற்ற அந்நூல், கலீபா உதுமான் (644–656) காலத்தில் ஓர் எழுத்துருவிற் படியெடுக்கப்பெற்றுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பெற்றது. அக்கால அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லை. எழுத்தை வேறுபடுத்தும் புள்ளிகளும் அரியனவே. ஆதலின் ஓர் எழுத்துரு பல ஓதல்களுக்கு இடந்தந்தது. முதல் அத்தியாயத்தில் ‘மாலிக்’ என நெடிலாக ஓதின் தீர்ப்பு நாளின் உடையவன் என்றும், ‘மலிக்’ எனக் குறிலாக ஓதின் அந்நாளின் அரசன் என்றும் பொருள்படும். இவ்விரண்டும் ஏற்கப்பெற்ற ஓதல்களே.

பக்தாத் நகரத்து இப்னு முஜாஹித் (இறப்பு 936) ஏழு ஓதல்களைத் தெரிந்து நிறுவினார். இப்னுல் ஜஸரி (இறப்பு 1429) பத்தினை நிலைநாட்டினார். ஆசிரியர் மாணவர் வழிவந்த தொடர்பு, உதுமானிய எழுத்துரு, அரபு இலக்கணம் என்னும் மூன்றற்கும் இயைந்ததே கொள்ளப்பட்டது. இன்று இலங்கை உட்படப் பெரும்பாலான நாடுகளில் ஆஸிம் வழிவந்த ஹஃப்ஸின் ஓதலும், மொரோக்கோ முதலிய நாடுகளில் நாஃபிஉ வழிவந்த வர்ஷின் ஓதலும் வழங்குகின்றன.

நம் பதிப்பாசிரியர் நெறி வேறு. கலித்தொகையை 1887 இல் வெளியிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடம் காண முயன்றனர். ஓதுவார் தொடர்பு அற்றுச் செல்லரித்த ஏட்டுக்கு அந்நெறியே தகும்.

ஆயின், ஈழத்துக் கண்ணகி காதையை அவ்வாறு நோக்கலாமா? அது மட்டக்களப்பிற் ‘கண்ணகி வழக்குரை’ எனவும், யாழ்ப்பாணத்திற் ‘கோவலனார் கதை’ எனவும், வன்னியிற் ‘சிலம்பு கூறல்’ எனவும் வழங்கும். வித்துவான் வி. சீ. கந்தையா 1968 இல் வெளியிட்ட வழக்குரைப் பதிப்பு போற்றத்தக்கது. எனினும், அச்சேறிய பாடத்தையே அளவுகோலாக்கி வன்னிப் பாடத்தைத் திருத்துதல் முறையன்று. பேதம் அனைத்தும் மரபு என்பதும் பொருந்தாது. எழுதினோன் கைப்பிழையும் உண்டு. தலைமுறையாகப் பாடப்பெற்று வந்ததா என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

1990 இல் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2009 வரை நீடித்த போரில் வன்னிமக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அத்தகைய வேளையில் ஏட்டைச் சுமத்தல் அரிது. நெஞ்சிற் பதிந்ததே உடன்வரும். ஆகவே, சிலம்பு கூறலைப் பாடவல்ல முதியோர் உள்ளபோதே அதனை அவர் பாடியவாறே பதிவுசெய்தல் கற்றோர் கடனாகும்.