பட்டியலில் இல்லாத நிருபர்கள்

எங்கள் வளவுப் பையன் ஒருத்தன் ஈரோட்டில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தான். வண்டி அவனுது, பெட்ரோலும் அவனுது. மாசச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு ஏதோ கொஞ்சம் காசு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அவ்வளவுதான். 2020 கொரோனா ஊரடங்கில் விளம்பரம் நின்றது, அவனும் நின்றான். நீக்கியதாக ஒரு கடிதம்கூட வரலை. சேர்த்ததாகவே கடிதம் இல்லாதவனுக்கு நீக்குகிற கடிதம் எதுக்கு? இப்போது பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் ஷிப்டுக்குப் போறான்.

அவனை மனசில் வைத்துக்கொண்டுதான் நம் கூட்டங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இரண்டு கணக்குகளை மறுபடி படித்தேன்.

முதலாவது, 1996 நவம்பரில் 'பயனியர்' ஏட்டில் பி.என். உனியால் எழுதிய கட்டுரை. வாஷிங்டன் போஸ்ட்டின் தில்லி நிருபர் கென்னத் கூப்பர், ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டுங்கள் என்று கேட்கிறார். கூப்பர் கறுப்பர். உனியாலுக்கு யாரையும் தெரியவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற 686 நிருபர்களின் பட்டியலை எடுத்து வைத்துத் தேடுகிறார். ஒருத்தரும் அகப்படவில்லை. முப்பது வருசம் பத்திரிகையில் இருந்த ஒரு மனுசருக்கு இந்தக் கேள்வி தானாக வரவில்லை, ஒரு கறுப்பர் வந்து கேட்க வேண்டியிருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட அறிக்கை. செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106 உயர்சாதியாரிடம். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை.

இரண்டும் தேவையான கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே நாற்காலியைத்தான் எண்ணுகின்றன. உனியால் பார்த்தது அங்கீகாரம் பெற்றவர்களை. அறிக்கை பார்த்தது ஆசிரியர்களை. எங்கள் வளவுப் பையன் இந்த இரண்டு பட்டியலிலும் வரமாட்டான். தலித்துகள் பத்திரிகையில் இல்லை என்பது மேல்மாடிக்குப் பொருந்துகிற உண்மை. கீழே, தாலுக்காவில், கூலியில்லாமல் இருக்கிறார்கள். எத்தனை பேர் இல்லை என்று எண்ணியவர்கள், இருக்கிறவனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்கவில்லை. என் விமர்சனம் இதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்தியைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு தடவை அவனிடம் கேட்டேன், உங்க பக்கம் ரெட்டை டம்ளர் இருக்குதே, ஏன் எழுதலைன்னு. "அந்தக் கடைக்காரரு கிட்டத்தானுங்ண்ணா பொங்கலுக்கு விளம்பரம் கேக்கப் போகோணும்" என்றான். கோழைத்தனம் என்று அன்றைக்கு நான் கோபப்பட்டேன். தப்பு என்னுது. அவனுக்குச் சம்பளம் விளம்பரத்தில் இருக்கிறது. விளம்பரம் ஆதிக்கச் சாதியின் கல்லாவில் இருக்கிறது. 2019 டிசம்பர் 2இல் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 தலித்துகள் செத்தபோது, முதல் செய்திகளில் மழைதான் குற்றவாளி. அதைத் தீண்டாமைச் சுவர் என்று சொன்னது நம் மக்களும் இயக்கங்களும்.

இதே ஈரோட்டில் 1925 மே 2இல் பெரியார் 'குடி அரசு' தொடங்கினார். நினைத்ததை எழுதினார். அவருடைய துணிச்சலோடு கூட, பின்னால் ஒரு மண்டிக்காரர் வீட்டு வசதியும் இருந்தது. பேனாவுக்குப் பின்னால் பணம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், குறை சொல்வதற்காக அல்ல. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கக் கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' அவர் 1914இல் மறைந்த பிறகு நின்றுபோய், 1926இல் கோலார் தங்க வயலிலிருந்து மறுபடி வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கிய நம் சனங்களின் ஊர் அது.

நெருக்கடி வந்தால் யார் முதலில் வெளியே போவார்கள் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1975இல் கறுப்புப் பத்திரிகையாளர்கள் தங்களுக்கென்று தேசியச் சங்கம் அமைத்தார்கள். 1978இல் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம், 2000க்குள் மக்கள்தொகை விகிதப்படி வேலை என்று இலக்கு வைத்தது. நிறைவேறாது என்று தெரிந்ததும் 1998இல் 2025க்குத் தள்ளிவைத்தது. அதுவும் போயாச்சு. இடையில் வந்த ஆள்குறைப்பில் வெள்ளையரைவிடக் கறுப்பர்கள் அதிக விகிதத்தில் வேலை இழந்தார்கள். கடைசியாக உள்ளே வந்தவன்தானே முதலில் வெளியே போகணும்! அங்கே உள்ளே வந்து வெளியே போனார்கள். இங்கே வாசப்படியிலேயே நிற்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இனி நம்மைப் பற்றி. தலித் பத்திரிகைகள் என்ன செய்தன? எழுதியவனுக்கு ஒரு பிரதி அனுப்பினோம், அதுவும் சில சமயம் வராது. இயக்க வேலை, காசு கேட்கலாமா என்றோம். ஊர்ப்பொது வேலைக்கு நம்மைக் கூலியில்லாமல் கூப்பிட்டவன் பேசிய பேச்சும் இதுதான். பறை அடிக்க மாட்டோம், பிணம் சுமக்க மாட்டோம் என்று போராடிய நாம், எழுத்தை மட்டும் வெட்டிவேலையாக வாங்கினோம். நானும் வாங்கியிருக்கிறேன்.

அரசு உத்தியோகத்தில் இருக்கிற தோழர்கள் நம்மில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஏப்ரல் 14க்கு டிஜிட்டல் பேனர் வைக்கிற காசில் ஒரு தாலுக்கா நிருபருக்கு ஒரு மாசப் பெட்ரோல் போடலாம். சந்தா கட்டுங்கள். பத்திரிகை நடத்துகிறவர்கள் பக்கத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, எழுதியவனுக்குக் கொடுத்துவிட்டு மீதியில் அச்சடியுங்கள்.

போன வாரம் பையனைப் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தான். மறுபடி எழுதுறியா என்றேன். "எழுதலாமுங்ண்ணா. மாசம் எவ்ளோ குடுப்பாங்க?" என்றான்.

இந்தக் கேள்வியில் தப்பு ஏதும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.