மூளைக் கழலையும் ஒரு சோற்றுப் பதமும்

மருத்துவ நூலார் நோய்களை வகுத்துப் பெயரிடுதல் வெறும் பட்டியல் ஆக்குதற்கன்று. நோயாளி இனி எய்தும் நிலையை முன்னறிதற்கும், ஏற்ற சிகிச்சையைத் தெரிதற்குமேயாம். 1926ஆம் ஆண்டில் பெயிலியும் குஷிங்கும் நுணுக்குக்காட்டியிற் கண்ட கலங்களின் வடிவுகொண்டு மூளைக் கழலைகளை வகுத்தனர். அந்நெறி நெடுங்காலம் நிலவியது. 2018ஆம் ஆண்டில் காப்பர் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, வடிவினும் நுண்ணியதோர் அடையாளத்தைப் பற்றி நின்றது. அதன் சிறப்பையும் எல்லையையும் நடுநிலை நின்று ஆராய்வாம்.

அவ்வடையாளம் மெதைலேற்றமாகும். பரம்பரையலகின் எழுத்து மாறாதிருப்பவும், அதன் தொடக்கப் பகுதியில் மெதைல் கூட்டங்கள் ஏறுதலால் அவ்வலகு தொழிற்படாது அடங்குதல் உண்டு. எழுத்துக்கு மேற்பட்ட இத்தகைய மாற்றங்களை ஆராயுந் துறையை மேற்பிறப்புரிமையியல் எனலாம். காப்பர் குழுவினர் 2,801 மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு 82 கழலை வகுப்புக்களைக் கணினி வாயிலாகப் பிரித்தறிந்தனர். புதிதாக வந்த நோயாளரிடத்து இம்முறையைக் கையாண்டபோது, நூற்றுக்கு 12 வரையிலானோரின் நோய்த்தீர்மானம் மாறிற்று. நுணுக்குக்காட்டி ஒன்றெனக் காட்டியதை இம்முறை வேறெனக் காட்டியமை பெரும்பேறே. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட பாகுபாட்டிலும் இதற்கு இடந்தந்தது.

முன்கணிப்புக்கும் இதனால் வரும் பயன் தெளிவு. எம். ஜி. எம். ரி. என்னும் பரம்பரையலகு, ரெமொசொலமைட்டு என்னும் மருந்து டி. என். ஏ.யில் விளைக்குஞ் சிதைவைச் செப்பனிடும் நொதியத்தை ஆக்குவது. மெதைலேற்றத்தால் அது அடங்கின், கழலை தன்னைக் காக்கும் வலியிழக்கும். 2005ஆம் ஆண்டில் ஹெகி குழுவினர் கிளியோபிளாஸ்ரோமா நோயாளரிடத்து இதனைக் காட்டினர். கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் ஒருங்கு பெற்றோருள், மெதைலேற்றம் உடையாரின் வாழ்நாள் இடையம் 21.7 மாதம், இல்லாரின் இடையம் 12.7 மாதம்.

எனினும் ஈண்டு ஒரு வினா எழும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானை முழுதும் ஒருசீராக வெந்தவிடத்தன்றோ அம்மொழி பொருந்தும்? கிளியோபிளாஸ்ரோமா அவ்வாறு வெந்த பானையன்று. அதன் ஒரு பக்கத்துக் கலங்களும் மறுபக்கத்துக் கலங்களும் மெதைலேற்றத்தில் வேறுபடுதல் கூடும். சத்திரவைத்தியர் எடுத்த சிறு துண்டு கழலை முழுதுக்குஞ் சான்றாகாமற் போகலாம். அத்துண்டிற்றானும் பெறும் அளவு பல கலங்களின் சராசரியே. நோயற்ற கலங்கள் மிகக் கலந்தவிடத்து, எம். ஜி. எம். ரி. மெதைலேற்றம் உள்ளதனிற் குறைவாகத் தோன்றும்.

காலத்தாலும் வேறுபாடு உண்டு. கிளியோபிளாஸ்ரோமாவின் முதற் கழலையையும் மீண்டெழுந்த கழலையையும் 112 நோயாளரிடத்து ஒப்புநோக்கி, ஒஸ்திரிய நாட்டார் 2018ஆம் ஆண்டில் ஓராய்வு வெளியிட்டனர். கழலையின் உட்கிடையான இவ்வேறுபாடே நோயாளியின் வாழ்நாளோடு தொடர்புடையதென அவர் கண்டமை குறிப்பிடத்தக்கது. ஆகவே வேறுபாட்டை அளவையின் இடையூறு என ஒதுக்குதல் தகாது. அதுவே அளத்தற்குரிய பொருளுமாம்.

இது நூலார்க்கிடையேயான வெறுஞ் சொற்போரன்று. முதியோரிடத்துக் கதிர்ச் சிகிச்சையா மருந்தா என்று தெரிதற்கு எம். ஜி. எம். ரி. அடையாளம் துணையாதலை 2012ஆம் ஆண்டின் ஆய்வுகள் காட்டின. துண்டு பொய்ச்சான்று கூறின், பயன்தரும் மருந்து ஒருவர்க்கு மறுக்கப்படலாம், பயன்தராதது கொடுக்கப்படலாம்.

ஆதலின், புதிய பாகுபாட்டைப் போற்றுவோர் மூன்றனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இயலுமாயின் கழலையின் பல இடங்களினின்றும் மாதிரி பெறுக. அறிக்கையில் வகுப்பின் பெயரோடு அதன் உறுதிப்பாட்டையும் கூறுக. மீண்டெழுந்த கழலையிலிருந்து மாதிரி பெற இயலுமிடத்து அதனைப் புதிதாக ஆராய்க. இடையம் என்பது கூட்டத்தின் நடுவெல்லை. பாதிப்பேர் அதனைக் கடந்தும் வாழ்ந்தனர். தனியொருவரின் நாளை அது குறித்துக் கொடுப்பதன்று என்பதை மறவாத அறிவியலே நோயாளிக்குத் துணையாம்.