வளைகுடா எழுத்தும் ஒளிந்துகொள்ளும் ஆசிரியரும்

வளைகுடா வாழ்க்கையைச் சொல்லிப் பேர் வாங்கிய நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். எழுதியவரே முன்னால் வந்து, இது என்னுடையதல்ல என்கிறார். பரிசும் பதிப்பும் குவிந்த பிறகும் அந்தப் பேச்சு மாறுவதில்லை.

அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசு அபுதாபியின் ஆதரவில் வழங்கப்படுவது. பரிசுத் தொகை 50,000 டாலர். 2013இல் அதைப் பெற்றவர் குவைத்தின் ஸஊத் அல்ஸனூஸி. 'மூங்கில் தண்டு' என்று தமிழில் சொல்லலாம் அந்த நாவலை. அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. உள்ளே இன்னொரு முகப்புப் பக்கம்: எழுதியவர் ஹோசே மெண்டோசா, அரபியாக்கம் இப்ராஹீம் ஸலாம். குவைத்தித் தகப்பனுக்கும் அந்த வீட்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் பிறந்தவன் ஹோசே. மொழிபெயர்ப்பாளரும் கற்பனைப் பாத்திரமே. சொந்த ஊரின் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்ல, சொந்தக் குடிமகனுக்கே இரண்டு பெயர்களின் மறைவு தேவைப்பட்டிருக்கிறது.

பென்யாமின் இதே வழியில் இன்னும் தூரம் போனவர். 1992 முதல் 2013 வரை பஹ்ரைனில் வேலை பார்த்த மலையாளி. 2008இல் வந்த அவரது நாவல் 'ஆடுஜீவிதம்' நூறு பதிப்புகளைத் தாண்டியது. 2009க்கான கேரள சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தமிழிலும் வாசகர்கள் அதைக் கொண்டாடினார்கள். நூலின் முடிவில், நஜீப் என்பவர் தன்னிடம் சொன்ன கதை இது என்று எழுதியிருந்தார். வாசகர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த நாவலை இயக்குநர் பிளெஸ்ஸி எடுத்த படம் 2024இல் வெளியானதும் நிஜம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று சர்ச்சை கிளம்பியது. நாயகன் பலருடைய அனுபவங்களிலிருந்து உருவான கற்பனைப் பாத்திரம், இது நாவல்தான் என்று பென்யாமின் விளக்க வேண்டியதாயிற்று. பதினாறு வருடம் இன்னொருவர் கணக்கில் இருந்த கலைத்திறனைத் தன் கணக்குக்கு மாற்றக் கேட்டபோது சிலருக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது நியாயம் என்பதே என் எண்ணம். பாலைவனத்து ஆட்டுக் கொட்டிலில் ஒரு மனிதன் மெல்ல மெல்ல ஆடாகவே மாறும் அந்தப் பக்கங்களை வெறும் வாக்குமூலம் தந்துவிட முடியாது.

ஊர் திரும்பிய மறுவருடம், 2014இல், அவர் எழுதிய இரட்டை நாவல்களைப் பாருங்கள். 'முல்லப்பூ நிறமுள்ள பகலுகள்' ஸமீரா பர்வீன் என்ற பாகிஸ்தானிப் பெண் எழுதியதாகவும், பென்யாமின் மொழிபெயர்த்ததாகவும் அமைந்தது. 'அல் அரேபியன் நாவல் ஃபாக்டரி'யில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவருக்குத் தகவல் திரட்ட வந்தவன் அந்த ஸமீராவின் தடைசெய்யப்பட்ட புத்தகத்தைத் தேடிப் போகிறான். முதல் நாவலின் ஆங்கில வடிவத்துக்குத்தான் 2018இல் முதலாவது ஜேசிபி பரிசு, 25 லட்சம் ரூபாய், கிடைத்தது. கதைப்படி அது ஸமீராவின் புத்தகம்!

இதை வெறும் உத்தி என்று தள்ளிவிட முடியாது. அந்த நாவல்களுக்குப் பின்னால் 2011இன் அரபு எழுச்சி இருக்கிறது. வளைகுடாவில் பெரும்பாலானோருக்கு இகாமா என்னும் வசிப்பு அனுமதியும் விசாவும் வேலையோடு கட்டப்பட்டவை. வேலை போனால் ஊர்தான். வேலையாளாக வந்தவன் எழுத்தாளனாகத் தெரிவதில் ஆபத்து உண்டு. இன்னொரு காரணம் மனசாட்சி சம்பந்தப்பட்டது. லேபர் கேம்ப்பில் ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்துக் கிடக்கும்போது, அவர்கள் படும் பாட்டை எழுதிப் பேர் வாங்கியவனுக்கு அந்தப் பேர் கடனாகத்தான் தெரியும்.

அபுதாபியில் வளர்ந்த தீபக் உண்ணிகிருஷ்ணன் இந்த மறைவையே கதைப்பொருளாக்கினார். 2017இல் வந்த அவரது 'டெம்பரரி பீப்பிள்' தொகுப்பில் ஒருவன் பாஸ்போர்ட்டாகிறான், இன்னொருவன் சூட்கேஸாகிறான். மூன்றாமவன் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடுகிறான். தி ஹிந்து பரிசு பெற்ற நூல் அது.

தமிழுக்கு வருவோம். நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் யாரும் சபர், அதாவது பிழைப்புக்காக வெளிநாட்டுப் பயணம், போகாத வீடு அபூர்வம். அந்த மண்ணிலிருந்து துபாய்க்குப் போன ஆபிதீனின் 'இடம்', 'உயிர்த்தலம்' தொகுப்புகள் நாகூர்ப் பேச்சை அதன் குத்தலோடும் செல்லத்தோடும் இலக்கியமாக்கியவை. அவருடைய கதைசொல்லி தன்னைத்தானே கேலி செய்துகொண்டே போவான். நாமும் அந்தக் கேலியை மட்டும் ரசித்துவிட்டு, அதற்கு அடியிலிருக்கும் துயரத்தையும் கட்டுக்கோப்பையும் கவனிக்காமல் விட்டோம். குமரி மாவட்டத்து மீரான் மைதீனின் 'அஜ்னபி' சவூதி வாழ்வைச் சொல்லும் நாவல். இவையெல்லாம் பெற வேண்டிய அளவுக்கு விமர்சனம் பெறவில்லை.

எழுத்தாளர் அடக்கமாக இருக்கலாம். அது அவர் சுபாவம், சில வேளை பாதுகாப்பு. விமர்சகர் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. மலையாளிகள் பென்யாமின் சொன்னதையும் மீறி அவரைக் கொண்டாடினார்கள். நாமோ, சும்மா எழுதிப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் சரியென்று விட்டுவிடுகிறோம். புலம்பெயர் இலக்கியம் என்றால் ஈழம், மலேசியா, சிங்கப்பூர் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்கள் அந்த வரிசையில் வளைகுடாவையும் சேர்க்க வேண்டும். அங்கிருந்து வந்த நல்ல கதைகளைத் தேடித் தொகுத்து, எழுதியவர் பெயரை அட்டையிலேயே பெரிதாகப் போட்டு வெளியிடப் பதிப்பாளர்கள் முன்வர வேண்டும்.