மரப்பட்டையில் எழுதிய ஸனது

மதரஸாவில் ஓதி வளர்ந்தவன் ஓவியத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் சிலருக்கு வியப்புத் தோன்றலாம். உருவம் வரைதல் குறித்து நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுவதை அறிந்தே எழுதுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது உருவத்தைப் பற்றியதன்று. ஒரு சமுதாயம் தன் உரிமையையும் நினைவையும் எதில் எழுதி வைக்கிறது என்பதே என் பொருள்.

வட ஆஸ்திரேலியாவின் டார்வின், வெப்பமண்டலக் கடற்கரை நகரம். ஆண்டுதோறும் ஆகஸ்டில் பழங்குடி மக்களின் கலைச் சந்தை அங்கே கூடுகிறது. அவர்களுக்கென 1984 முதல் வழங்கப்பட்டுவரும் கலைப் பரிசுகளின் கண்காட்சியும் அவ்வேளையில் நகர அருங்காட்சியகத்தில் நடைபெறுகிறது. ஒரு வார இறுதியில் இரண்டையும் கண்டு திரும்பினேன்.

ஆர்ன்ஹெம் லாண்டைச் சேர்ந்த யோல்ங்கு மக்களின் மரப்பட்டை ஓவியங்களே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தன. யூகலிப்டஸ் மரப்பட்டையை உரித்து, தீயில் வாட்டித் தட்டையாக்கி, காவிக்கல்லும் வெண்களிமண்ணும் கரியும் கொண்டு, தலைமுடியாலான தூரிகையால் இழை இழையாகக் கோடு இழுக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமான அக்கோடுகள் கண்முன் நீர்போல் அசைகின்றன.

அருகில் நின்ற ஒருவர், “நவீன ஓவியம் போலவே இருக்கிறதே!” என்றார். பாராட்டுப் போல் ஒலித்த அச்சொல் உண்மையில் குறைத்து மதிப்பிடுவதாகும். அக்கோலங்கள் வெறும் அழகுக்காக எழுந்தவையல்ல. ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்கும் அதன் நிலத்துக்கும் உரியது. உரிமை பெறாதவன் அதனை வரையலாகாது. அதன் முழுப்பொருளும் அந்நியருக்குச் சொல்லப்படுவதில்லை. உஸ்தாதிடம் இஜாஸத் பெறாமல் ஹதீஸை ரிவாயத் செய்யத் துணியாத நம் முன்னோரை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அறிவு அங்கும் ஓர் அமானிதம்.

அந்த அமானிதம் அவர்களுக்குப் பட்டாவாகவும் பயன்பட்டது. 1963இல் அவர்களைக் கேளாமலே அவர்களது நிலம் பாக்சைட் சுரங்கத்துக்கு ஒதுக்கப்பட்டபோது, யிர்காலா ஊரார் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மனுவை, குலக்கோலங்கள் தீட்டிய மரப்பட்டையில் ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். சுரங்கம் நிற்கவில்லை. 1971இல் நீதிமன்றமும் கைவிட்டது. ஆயினும் 1976இல் நில உரிமைச் சட்டம் வந்தது. 2008இல் கரையோர ஓதநீர் மீதும் அவர்களுக்குள்ள உரிமையை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஓவியத்தை ஆவணமாக நீட்டியவர்களை வெறும் கைவினைஞர் என்பது தகுமா?

இக்கலையில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. மகாசர் துறைமுகத்து முஸ்லிம் மாலுமிகள், கீழக்கரையார் நன்கறிந்த அதே கடலட்டைக்காக, 1907 வரை தலைமுறை தலைமுறையாக அக்கரைக்கு வந்து போயினர். அவர்களது பாய்க்கப்பல்கள் யோல்ங்கு ஓவியங்களில் இன்றும் மிதக்கின்றன. பணத்தை அம்மக்கள் ‘ருபியா’ என்கின்றனர். மாலுமிகளால் வந்த புளியமரங்கள் கரையில் நிற்கின்றன. அரபிகள் ‘தம்ரு ஹிந்தி’ என்றழைத்த நம் புளிதான் அது!

இதைக் கண்டதும் ‘ஆஸ்திரேலியாவை முதலில் கண்டவர் நாமே’ என்று முழங்கும் கட்டுரையாளர் நம்மிடையே உண்டு. அம்முழக்கம் எனக்கு உடன்பாடன்று. வந்தவர்கள் விருந்தினர், நிலம் அவர்களுடையதன்று. அவர்களோடு சச்சரவும் உண்டு, உறவும் உண்டு. இரண்டையும் நினைவில் வைத்திருப்பவர் யோல்ங்கு மக்களே. பெருமை அந்த நினைவுக்கு உரியது, நம் முழக்கத்துக்கன்று.

மாறாக, நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நம் மரக்காயர்களின் கலங்கள் எத்தனை கடல்களைக் கண்டன! அவற்றின் கதையைச் சுமந்த அரபுத் தமிழ் ஏடுகள் எத்தனை வீடுகளின் பரணில் செல்லரிக்கின்றன! எழுத்தில்லாத மக்கள் என்று உலகம் ஒதுக்கியவர்கள், வந்துபோன விருந்தினரின் பாய்மரத்தையும் மறவாமல் பட்டையில் வரைந்து காத்திருக்கிறார்கள். எழுத்தையே ஓதத் தொடங்கிய உம்மத்தினராகிய நாம், நம் பாட்டனாரின் கையெழுத்தைக் காத்தோமா? இந்த இதழை மூடி வைக்குமுன், ஒருமுறை பரணைத் திறந்து பாருங்கள்.