3 வாற்றில் வளர்ந்த காது

சென்ற மாரியில் வடமேற்கு லண்டனில், பாடசாலை மண்டபமொன்றில் நடந்த மெல்லிசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு பின்வாசலுக்கு வந்தபோது அங்கே இருவர் கதைத்துக்கொண்டு நின்றனர். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். மற்றவர் இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர். இருவரும் பேஸ் கிற்றார் வாசிப்பவர்கள்.

"அண்ணை, இந்த அம்ப் மூண்டு கிலோவும் வராது. தோள்பைக்குள்ள வைச்சுக்கொண்டு ரெயினில வாறன்."

"அது சரி தம்பி. ஆனா வால்வு சூடாகின பிறகு தாற அந்தச் சத்தம் இதில வருமோ?"

பிறகு பேச்சு கம்பிகளுக்குத் தாவியது. மேற்சுற்று தட்டையாக இருப்பது நல்லதா, உருண்டையாக இருப்பது நல்லதா? 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றா, 10 அங்குலத்தில் நான்கா? எம்முடன் வந்த நண்பர், "இவைக்குச் சாமானிலதான் கண், சங்கீதத்தில இல்லை" என்று மெல்லச் சொன்னார். நாமும் தலையாட்டினோம்.

இடைவேளை முடிந்து இரண்டாவது பாட்டிலேயே அமைப்பாளர் ஒருவர் மேடையோரம் வந்தார். "தம்பி, அந்த டும் டும்மைக் கொஞ்சம் குறையும். பாட்டு விளங்கேல்லை." இளைஞர் மறுபேச்சின்றிக் குறைத்தார். சொற்கள் நன்றாகவே விளங்கின. ஆனால் பாட்டு தரையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் நின்றது. ஏன் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தோம். நாம் ஆட்டிய அந்தத் தலையைப் பற்றியதே இக்கட்டுரை.

பேஸ் கிற்றாரின் அடிக் கம்பி எழுப்பும் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள் கொண்டது. காற்றில் அதன் அலையொன்றின் நீளம் 8 மீற்றருக்கும் அதிகம். அதை ஒரு மண்டபத்துக்குக் கேட்கச் செய்ய நிறையக் காற்றை அசைக்க வேண்டும். லியோ பென்டர் தமது மின் பேஸ் கிற்றாரை 1951 இல் வெளியிட்டார்; அடுத்த ஆண்டே அதற்கென ஓர் அம்பிளிபயரையும் கொண்டுவந்தார். காரணம் எளிது. மின்சாரமின்றி இவ்வாத்தியம் ஏறக்குறைய ஊமை. அம்பிளிபயர் இதன் துணைக்கருவியல்ல, வாத்தியத்தின் மறுபாதி. பாடகர் தொண்டையைப் பற்றிப் பேசினால் அதைச் சாதகம் என்கிறோம். மிருதங்கக்காரர் தோலையும் கரணையையும் பற்றிப் பேசினால் ஞானம் என்கிறோம். பேஸ்காரர் வால்வைப் பற்றிப் பேசினால் மட்டும் சாமான் மோகமா?

இந்த மறுபாதியின் வரலாற்றில் லண்டனுக்குப் பெரும் பங்குண்டு. மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோவிலுக்குப் போகும் எம்மவர், அக்ஸ்பிரிட்ஜ் வீதியில் இன்னும் சற்று மேற்கே போனால் ஹான்வெல் வரும். அங்கே 76ஆம் இலக்கக் கடையில்தான் ஜிம் மார்ஷல் 1960 இல் வாத்திய வியாபாரம் தொடங்கினார். 1962 இல் அவரது குழுவினர் செய்த முதல் அம்பிளிபயர், பென்டரின் பேஸ் அம்பிளிபயரைப் பார்த்துச் செய்யப்பட்டது. உலகமே ரொக் இசையின் குரலாக அறிந்த மார்ஷல் ஒலி, பேஸுக்கென வரையப்பட்ட சுற்றிலிருந்து பிறந்தது.

எமக்கு இன்னும் நெருக்கமான வரலாறு கரிபியன் மக்களுடையது. ஜமெய்க்காவிலிருந்து வந்த டியூக் வின், 1955 இல் லாட்புரோக் குரோவ் பகுதியில் தமது ஒலியமைப்பைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தோரும் தமக்கு வேண்டிய தாழ்ந்த ஒலியைத் தரக்கூடிய பெட்டிகளைத் தாமே செய்துகொண்டனர். அதற்கு விலையும் கொடுத்தனர். பார்படோசில் பிறந்து சிறுவயதில் லண்டன் வந்த டெனிஸ் போவெல், 1974 இல் கிரிக்கிள்வூட்டில் தாம் ஒலியமைப்பு நடத்திய இடத்தில் பொலிசார் புகுந்ததையடுத்துச் சிறை சென்றார். மேன்முறையீட்டில் தண்டனை நீங்கும்வரை மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். பின்னர் கவிஞர் லிண்டன் குவேசி ஜோன்சனின் இசைத்தட்டுகளுக்கு இசையமைப்பில் துணை நின்றவர் இவரே. 1980 இல் வந்த அவர்களது தட்டொன்றின் பெயரே 'பேஸ் கல்ச்சர்'. பொலிஸ் அடக்குமுறையையும் இனவெறியையும் பேசிய அக்கவிதைகளில் ஒரு சொல்லாவது பேஸில் அமிழ்ந்து போகவில்லை. பேஸின்மேல் ஏறி நின்றே அவை பேசின. 'பாட்டு விளங்கேல்லை' என்பதற்கு இதைவிட நல்ல பதில் எம்மிடம் இல்லை.

அப்படியானால் எமது காதுக்கு மட்டும் என்ன நேர்ந்தது? 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; பற்றரிகளுக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்டார்கள் எமது மக்கள். சைக்கிள் டைனமோ தருவது 3 வாற். மேடையிலுள்ள பேஸ் அம்பிளிபயருக்கு 300 வாற் என்பது சாதாரணம். அதற்கு முந்திய காலத்திலும் எமது வீடுகளில் இருந்தது உள்ளங்கையளவு ஸ்பீக்கர் கொண்ட றேடியோதான். அதனால் 41 அதிர்வை எழுப்ப முடியாது. மேலே ஒலிக்கும் கிளைச் சுரங்களைக் கொண்டு காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். இல்லாததை இருப்பதாகக் கேட்கப் பழகிய காதுகள் எம்முடையவை. அது குற்றமல்ல. ஆனால் அந்தப் பற்றாக்குறையையே ரசனையென்று பெயரிட்டு, 'எங்கட சங்கீதத்துக்கு இது தேவையில்லை' என்று சட்டம் போடுவது குற்றம்.

தேவையில்லையா? லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிற்றாருக்குப் பரிசு பெற்ற இளையராஜா, பேஸுக்கான சுரங்களையும் தம் கையாலேயே எழுதித் தருபவர். பல்லாண்டுகள் அவற்றை வாசித்தவர் சசிதரன். 1980 இல் வந்த 'நிழல்கள்' படப் பாடல்களை இன்று நல்ல ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு சுரத்தில் தங்கும்போது கீழே பேஸ் நடக்கத் தொடங்குகிறது. அது தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதல்ல, இன்னொரு மெட்டு. ரகுமானின் பாடல்களில் கீத் பீற்றர்ஸ் வாசித்தவையும் அவ்வாறே. எமது சஞ்சிகைகளில் பாடலாசிரியரைப் பற்றியும் பாடகரின் குரலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினோம். இவ்விரு பெயர்களையும் எத்தனை தடவை அச்சிட்டோம்?

பிள்ளைகள் எமக்காகக் காத்திருக்கவில்லை. மாயா அருள்பிரகாசம் குடும்பத்தோடு 1986 இல் லண்டன் திரும்பி, மிச்சம் பகுதியில் கவுன்சில் வீட்டில் வளர்ந்தவர். வீட்டு றேடியோ களவு போனபின் அயல்வீட்டுச் சுவர் வழியே வந்த இசையைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். சுவரைக் கடந்து வருவது சொல்லல்ல, தாழ்ந்த ஒலி. 2005 இல் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் வெளியிட்ட 'அருளர்' தட்டில் அதே ஒலிதான் அடித்தளம். தகப்பனின் இயக்கப் பெயரையே அதற்குச் சூட்டினார்.

அன்று பேஸைக் குறைக்கச் சொன்ன அமைப்பாளரை நாம் பழிக்கவில்லை. மொழி கைநழுவிப் போகும் ஊரில், ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்ற பயம் அவருடையது. அது எமது பயமுந்தான். ஆனால் தமிழ்ப் பாட்டொன்றுக்குத் தன் உடம்பால் துணைநின்ற பிள்ளையை 'குறையும்' என்று சொல்லித்தான் அச்சொல்லைக் காப்பாற்ற வேண்டுமா? அந்தப் பின்வாசலில் இருவர் அரை மணிநேரம் கதைத்தது ஒரே விடயத்தைத்தான்: தமிழ்ப் பாட்டின் அடியை இம்மண்டபத்தின் கடைசி வரிசை வரை எப்படிக் கொண்டுபோவது. அவ்வளவு அக்கறையான விமர்சனத்தை அன்று மண்டபத்தினுள்ளே நாம் எவரும் செய்யவில்லை.

இனி நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள் பேஸ் வாசிப்பவரின் பெயரையும் சேர்த்து அடிக்கட்டும். நாமும் முன்வரிசையை விட்டு ஒருமுறை பின்னுக்குப் போய் நின்று கேட்போம்.